ஒன்பது பிறந்து நான்கு தங்கிய வீடு

1900 ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெண்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். எத்தனை பிள்ளை பெற்றீர்கள்? அதில் எத்தனை பிள்ளை இப்போது உயிரோடு இருக்கிறது? தாளில் 11 ஆவது, 12 ஆவது கட்டங்கள். மாசச்சூசெட்ஸ் மாநிலம் லோவெல் நகரில், நாங்கள் இப்போது குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் அந்த ஜூன் மாதம் இருந்த ஒரு தாயின் பெயருக்கு நேராக 9, 4 என்று எழுதியிருக்கிறது.

மீதி ஐந்து பேரைத் தேடியதைத்தான் இங்கே எழுதுகிறேன். அமெரிக்காவில் பழைய வீட்டில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு வழி தெரியட்டும் என்பது ஒரு காரணம். அந்தக் காலம் என்றாலே மாளிகைகளும் பட்டுக் கவுன்களும்தான் கண்முன் வருகின்றன. பஞ்சாலைக் குடும்பம் ஒன்றின் அன்றாடம் எப்படி இருந்தது என்பது அரசாங்கத் தாள்களில் கேட்பாரின்றிக் கிடக்கிறது. அதையும் நாலு பேர் படிக்க வேண்டும் என்பது இன்னொரு காரணம்.

முதல் படி எளிது. நம்மூரில் மனை வாங்கும்போது தாய்ப் பத்திரம் பார்ப்போமே, அதே வேலைதான். லோவெல்லும் சுற்றியுள்ள ஊர்களும் மிடில்செக்ஸ் வடக்கு மாவட்டப் பத்திரப் பதிவகத்தின் கீழ் வருகின்றன. நம் கிரயப் பத்திரத்திலேயே முந்தைய பத்திரம் எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எழுதியிருக்கும். அதைத் திறந்தால் அதற்கும் முந்தையது. இப்படியே பின்னால் போய் 1880களைத் தொட்டபோது ஒரு மளிகை வியாபாரியின் பெயர் கிடைத்தது. காலி மனையை வாங்கி, அடமானம் வைத்து, மேலும் கீழுமாக இரண்டு குடும்பம் வாடகைக்கு இருக்க மரவீடு கட்டியிருக்கிறார். அவர் ஒருநாளும் இங்கே குடியிருக்கவில்லை.

பலர் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பத்திரத்தில் சொந்தக்காரர் பெயர்தான் இருக்கும். மில் தொழிலாளிகள் வாடகைக்கு இருந்தவர்கள். அவர்கள் வேண்டுமென்றால் வேறு தாள்களுக்குப் போக வேண்டும்.

அடுத்து வரைபடம். தீக்காப்பீட்டுக்காக சான்போர்ன் நிறுவனம் ஊர் ஊராக, வீடு வீடாக வரைந்து வைத்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மரவீடு மஞ்சள், செங்கல் வீடு இளஞ்சிவப்பு. கதவிலக்கம் மாறியிருந்தால் இந்த வரைபடத்தில்தான் பிடிபடும். எங்கள் வீட்டுக்கும் மாறியிருந்தது. பழைய இலக்கம் தெரிந்ததும் ஸ்டீவ் மோர்ஸ் என்பவர் நடத்தும் இணையதளத்தில் தெருப் பெயரைக் கொடுத்து, கணக்கெடுப்பில் எங்கள் தெரு எந்த வட்டத்தில் வருகிறது என்று கண்டுபிடித்தேன். அப்புறம் பழைய குடும்பப் பதிவுகளுக்கான ஃபேமிலிசெர்ச் தளத்தில் அந்த வட்டத்தின் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். தெருப் பெயர் ஓரத்தில் செங்குத்தாக எழுதியிருக்கும், கழுத்தைச் சாய்த்துத்தான் படிக்க வேண்டும்.

அந்தத் தாளில் இந்தக் குடும்பம் எட்டு வரிகளில் இருக்கிறது. கணவன், மனைவி, நான்கு பிள்ளைகள், சாப்பாட்டோடு தங்கியிருந்த இரண்டு பேர். எட்டுப் பேருக்கு நான்கு அறை. கியூபெக்கிலிருந்து வந்த பிரெஞ்சுக் கனடியர்கள், வந்த ஆண்டு 1879. தகப்பனார் கூலித் தொழிலாளி. கடந்த ஓராண்டில் வேலையில்லாமல் இருந்த மாதங்கள் 4. எழுதப் படிக்கத் தெரியாது. 19 வயது மகள் பஞ்சாலையில் நூற்பவள். 15 வயது மகனும் ஆலையில்தான். எட்டு வயதுப் பெண் மட்டும் பள்ளிக்குப் போகிறாள். கடைக்குட்டிக்கு நான்கு வயது.

தாயின் வரியில் தொழில் என்ற 19 ஆவது கட்டம் காலி. அந்தக் காலியிடத்தைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. எட்டுப் பேருக்குச் சமையல், அதில் இரண்டு பேர் காசு கொடுத்துச் சாப்பிடுபவர்கள். நிலக்கரி அடுப்பைப் பற்ற வைத்து, சாம்பல் அள்ளி, எட்டுப் பேர் துணிக்கும் தண்ணீர் கொதிக்க வைத்து, அலசிப் பிழிந்து காயப்போட வேண்டும். பஞ்சுத் தூசி படிந்த மில் துணிகளும் அதில் சேர்த்தி. பனிக்காலத்தில் காயப்போட்ட துணி விறைத்து நிற்கும். அந்த இரண்டு பேர் கொடுத்த பணம்தான், கணவனுக்கு வேலையில்லாத நான்கு மாதமும் வாடகைக்குக் கைகொடுத்திருக்கும். கணக்கெடுப்புக்கு அது தொழில் இல்லை.

சரி, ஐந்து பிள்ளைகள். 1900க்கு முந்தைய கணக்கெடுப்பைப் பார்க்கலாமே என்றால் 1890 தாள்கள் இல்லை. 1921 ஜனவரியில் வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் பிடித்த தீயில் பெரும்பகுதி பாழானது. எஞ்சியதையும் பின்னால் அழித்துவிட்டார்கள். 1880 தாளில் இவர்கள் லிட்டில் கனடா என்ற பகுதியில் இருக்கிறார்கள், கூடவே இரண்டு வயது மகள் ஒருத்தி. 1880க்குப் பின் பிறந்து 1900க்குள் இறந்த குழந்தை எந்தக் கணக்கெடுப்பிலும் வராது. 9, 4 என்ற இரண்டு எண்களுக்கு நடுவேதான் அந்தக் குழந்தைகள் இருக்கிறார்கள்.

மாசச்சூசெட்ஸில் இதற்கு வழி உண்டு. 1841 முதலே பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் மாநிலம் முழுவதும் பதிந்து வைத்திருக்கிறார்கள். பழைய ஏடுகளின் படங்கள் ஃபேமிலிசெர்ச்சில் இருக்கின்றன. சிக்கல் பெயரில்தான் வரும். பிரெஞ்சுப் பெயரை ஆங்கிலம் பேசும் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். சில சமயம் மொழிபெயர்த்தே விடுவார்கள், ருவா என்ற குடும்பம் கிங் ஆகிவிடும். எங்கள் குடும்பத்தின் பெயர் எனக்குக் கிடைத்த ஏடுகளில் ஆளுக்கொரு விதமாக இருந்தது. அதனால் பெயரை விட்டுவிட்டு, தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும் தெருவையும் வைத்துத் தேடினேன். தேட நினைப்பவர்களுக்கு என் யோசனையும் அதுதான். இறப்பு ஏட்டில் பெற்றோர் இருவர் பெயரும் இருக்கும், இரண்டில் ஒன்றாவது உருப்படியாக எழுதியிருப்பார்கள்.

குடும்பம் எந்த ஆண்டு எங்கே இருந்தது என்று தெரிந்தால் தேட வேண்டிய பக்கங்கள் குறையும். அதற்கு ஊர் விவரப் புத்தகங்கள் உதவின. ஆண்டுதோறும் அச்சான இவற்றில் குடும்பத் தலைவர் பெயர், தொழில், முகவரி இருக்கும். லோவெல்லில் போலார்ட் நினைவு நூலகத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். 1888 வரை இவர்கள் வீடு மாறிக்கொண்டே இருக்கிறார்கள். 1888 இல் ஆற்றைத் தாண்டி சென்ட்ரல்வில்லுக்கு, இந்த வீட்டுக்கு வருகிறார்கள்.

முதலில் கிடைத்தவன் 1883 ஆகஸ்டில் இறந்த ஆண் குழந்தை. ஏட்டில் வயதுக்கு மூன்று சிறு கட்டங்கள் உண்டு: ஆண்டு, மாதம், நாள். முதல் கட்டத்தில் ஒரு கோடு, அடுத்து 5, அடுத்து 11. காரணம் 'காலரா இன்ஃபான்டம்'. உண்மையான காலரா இல்லை. கோடையில் கைக்குழந்தைகளுக்கு வரும் கடும் வயிற்றுப்போக்குக்கு அன்று அந்தப் பெயர். அவன் வரிக்கு மேலும் கீழும் அதே நோய், அதே கையெழுத்து, சில இடங்களில் 'அதே' என்பதற்கான இரட்டைக் குறி மட்டும். ஜூலை, ஆகஸ்ட் பக்கங்கள் ஏறக்குறைய எல்லாமே இப்படித்தான். டிசம்பர் பக்கத்துக்குப் போனால் இந்த நோய் காணாமல் போகிறது.

காரணம் பால். பண்ணையிலிருந்து நகரத்துக்கு வெயிலில் வரும் பால், ஐஸ் வாங்க வசதியில்லாத வீட்டில் சமையலறை மேசையில் இருக்கும். காய்ச்சிய பால் குழந்தைக்கு ஆகாது என்று பல மருத்துவர்களே நினைத்த காலம். நீண்ட ரப்பர் குழாய் வைத்த பால்புட்டிகள் விற்றன, அந்தக் குழாயின் உட்புறத்தை யாராலும் கழுவ முடியாது. 1893 இல் நேதன் ஸ்ட்ராஸ் என்ற வணிகர் நியூயார்க்கில் ஏழைகளுக்குச் சூடாக்கிக் கிருமி நீக்கிய பால் கொடுக்கத் தொடங்கினார். அது ஊருக்கு ஊர் பரவப் பல ஆண்டுகள் ஆயின. அந்த ஊர் விவரப் புத்தகங்களில் மருந்து விளம்பரங்களுக்குக் குறைவில்லை. அயர் என்ற பெரிய மருந்து நிறுவனம் இதே லோவெல்லில்தான் இருந்தது. ஓபியச் சத்து கலந்த இருமல் மருந்தை உலகமெல்லாம் அனுப்பியது. குழந்தைகளின் அழுகையை அடக்கும் சிரப்புகளில் மார்ஃபின் இருந்தது. இப்படிப்பட்ட சரக்கு இருந்தால் புட்டியில் எழுத வேண்டும் என்ற நாடு தழுவிய சட்டமே 1906 இல்தான் வந்தது.

அடுத்த இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் கிடைத்தார்கள். 1892 பிப்ரவரி, இதே வீடு, இதே கீழ்த்தளம். நான்கு வயதுப் பையன், நான்கு நாள் கழித்து இரண்டு வயதுத் தங்கை. டிப்தீரியா, தொண்டை அடைப்பான். நோய் வந்த வீட்டு வாசலில் எச்சரிக்கை அட்டை வைப்பதும் கந்தகப் புகை போடுவதும் அன்றைய வழக்கம். இங்கும் அப்படிச் செய்தார்களா என்று ஏடு சொல்லவில்லை. 1900 இல் பள்ளிக்குப் போகும் அந்த எட்டு வயதுப் பெண் பிறந்தது 1892 ஏப்ரல் என்று கணக்கெடுப்பில் இருக்கிறது. அப்படியென்றால் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தபோது தாய் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். டிப்தீரியாவுக்கு எதிரான சீரம் 1894 இல் ஐரோப்பாவில் பரவலாக நிரூபணமானது. 1895 இல் மாசச்சூசெட்ஸ் சுகாதார வாரியமே தியோபால்ட் ஸ்மித் என்ற நுண்ணுயிர் ஆய்வாளரின் பொறுப்பில் அதைத் தயாரிக்கத் தொடங்கியது. மூன்று ஆண்டு இடைவெளி. இதைப் படித்த அன்று என் மனைவி எங்கள் பையனின் தடுப்பூசி அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.

இந்தப் பக்கங்களைத் தேடும்போது 1890-91 குளிர்காலத்தையும் கடந்து போக வேண்டியிருந்தது. வரிக்கு வரி டைபாய்டு. லோவெல் குடித்தது மெரிமாக் ஆற்று நீர். சில மைல் மேலே ஓடையோரக் கழிப்பறைகளிலிருந்து நோய் ஆற்றில் கலந்ததை வில்லியம் செட்விக் என்ற சுகாதார ஆய்வாளர் தேடிக் கண்டுபிடித்தார். லோவெல்லின் சாக்கடை கலந்த அதே ஆற்றை அடுத்த ஊரான லாரன்ஸ் குடித்தது. 1893 இல் லாரன்ஸில் மணல் வடிகட்டி வந்த பிறகு அங்கே டைபாய்டு சாவு வேகமாகக் குறைந்தது. எங்கள் வீட்டுக் குடும்பம் அந்தக் குளிர்காலத்தில் மட்டும் தப்பியிருக்கிறது.

நான்காவது, 1880 தாளில் இரண்டு வயதாக இருந்த மூத்த மகள். 1897 இல் 19 வயதில் இறந்தாள். தொழில்: தறி ஓட்டுபவள். நோய்: தைசிஸ், அதாவது காசநோய். 1888 சட்டம் 13 வயதுக்குக் குறைந்தவர்களை ஆலையில் வைக்கக் கூடாது என்றது. அவள் 13 ஆனதும் போயிருந்தால் ஆறு ஆண்டு. பெண்களுக்கு வாரம் 60 மணி நேர வேலை, 1892க்குப் பின் 58. நூல் அறுந்துவிடாமல் இருக்க ஜன்னலைச் சாத்தி, அறையை ஈரமாக வைத்திருப்பார்கள். தறியில் குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் கட்டைக்கு நாடா என்று பெயர். அதில் புது நூல் கோக்க, அதன் துளையில் வாயை வைத்து நூலை உறிஞ்சி இழுக்க வேண்டும். ஒரே நாடாவில் பல பேர் வாய் படும். மாசச்சூசெட்ஸ் அதைத் தடை செய்தது 1911 இல்.

சின்னப் பெண்ணை ஏன் அனுப்பினார்கள் என்று எளிதாகக் கேட்டுவிடலாம். மாநிலத் தொழிலாளர் புள்ளிவிவர வாரியம் 1875 இல் 397 தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவைத் திரட்டியது. குடும்ப வருமானத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை பிள்ளைகளின் சம்பாத்தியம் என்று அதில் தெரிந்தது. தகப்பன் கூலி மட்டும் போதவில்லை. பெற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஐந்தாவது குழந்தை மட்டும் மாசச்சூசெட்ஸ் ஏடுகளில் எங்குமே இல்லை. 1900 தாளில் மணமாகி 24 ஆண்டு என்று இருந்தது. அதாவது 1876. அமெரிக்கா வந்தது 1879. ஆக, தலைப்பிள்ளை கியூபெக்கிலேயே பிறந்திருக்க வேண்டும். கியூபெக்கின் கத்தோலிக்கப் பங்கு ஏடுகள் அருமையானவை. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றும் ஒரே புத்தகத்தில் வரிசையாக வரும், பெண்கள் எல்லோரும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருப்பார்கள். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வாசகம் ஒரே மாதிரி இருப்பதால் சீக்கிரம் பழகிவிடும். 1877 இல் ஒரு ஞானஸ்நானப் பதிவு, சில பக்கம் தள்ளி அதே பெயரில் அடக்கப் பதிவு. வயது ஒன்பது நாள். பையன். தகப்பனார் கையெழுத்துப் போடத் தெரியாது என்று சொன்னதாகப் பாதிரியார் எழுதியிருக்கிறார்.

கல்லறைக் கல் எதுவும் இந்த ஐந்து பேருக்கும் எனக்குக் கிடைக்கவில்லை. கல் வைக்கப் பணம் வேண்டும். கிடைத்த பதிவுகளின் நகல்களையெல்லாம் ஒரு கோப்பில் போட்டு, பத்திர வரிசையோடு சேர்த்து வைத்திருக்கிறேன். வீட்டை விற்கும் நாள் வந்தால் வாங்குபவரிடம் கொடுப்பேன்.

1910 கணக்கெடுப்பிலும் அதே இரண்டு கேள்விகள் உண்டு. தாய் அப்போது சென்ட்ரல்வில்லிலேயே வேறு தெருவில் விதவையாக இருக்கிறாள். எண்கள் மாறவில்லை, 9, 4. நூற்பாலைக்குப் போன அந்த மகள் மணமாகி அதே வீட்டின் மேல்தளத்தில் இருக்கிறாள். அவளுக்கு நேராக 4, 3. 1920 தாளில் இந்தக் கேள்வி இல்லை. அதற்குப் பின் அவர்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதை மறுபடியும் இறப்பு ஏடுகளில்தான் தேட வேண்டும், இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.