எழுத வேண்டாம் என்றேன்

“சார், இதை லாக் புக்ல எழுதட்டுமா?”

“லைன் எதுவும் டிரிப் ஆகலைல்ல தம்பி? அப்புறம் எதுக்கு? விடு.”

பேச்சு அவ்வளவுதான். ஆறு வருடம் ஆகிறது. துணை மின்நிலையத்தில் நைட் ஷிப்ட் வந்தால் இன்னும் அது காதுக்குள் ஓடுகிறது.

மூன்று மணி ரீடிங்குக்குக் கொஞ்ச நேரம் இருந்தது. யார்டு முழுக்க சட்டென்று பச்சை கலந்த வெள்ளை வெளிச்சம். பஸ்பாரில், அதாவது லைன்கள் வந்து சேரும் பெரிய கம்பியில், ஃபிளாஷ் ஓவர் ஆகி மின்பொறி பாய்ந்தது என்றுதான் நினைத்தேன். எங்கள் வேலையில் அந்த வெளிச்சத்துக்கு வேறு அர்த்தம் கிடையாது. ஆனால் சத்தமே இல்லை. கீழே ஜல்லிமேல் விழுந்திருந்த கம்பங்களின் நிழல் விறுவிறுவென்று சுழன்றது. நிழல் நகர்ந்தால் வெளிச்சம் நகர்கிறது. நிமிர்ந்து பார்த்தேன். வடகிழக்கே ஒரு தீப்பந்து வாலோடு சரிந்துகொண்டிருந்தது. இரண்டாக உடைந்து அணைந்துபோனது. ஐந்தாறு நொடி இருக்கும். வாட்ச்மேன் பெரியவர் மட்டும் அந்தப் பக்கம் திரும்பாமல் கேட்டோரத்து வேப்பமரத்தையே பார்த்தபடி நின்றார். நட்சத்திரம் விழுந்தால் பச்சை மரத்தைப் பார்க்க வேண்டுமாம்.

உள்ளே ஓடிப்போய் பேனலைப் பார்த்தோம். எந்த ரிலேவும் விழவில்லை, அதாவது பழுது என்று எந்த லைனும் தானாகத் துண்டாகி டிரிப் ஆகவில்லை. ஏறக்குறைய இரண்டு நிமிடம் கழித்து, எங்கோ லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி ஓர் உறுமல். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அப்போதுதான் தம்பி பேனாவை எடுத்தான்.

என் பக்கமும் நியாயம் இருக்கிறது. லாக் புக் கண்டதை எழுதுகிற நோட்டு இல்லை. ‘வானில் வெளிச்சம், பலத்த சத்தம்’ என்று எழுதினால் காலையில் போன் வரும். எந்த ஃபீடர், எந்த பிரேக்கர், ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டியவன் கையெழுத்துப் போட்ட அந்தப் பையன். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. அவனைக் காப்பாற்றியதாகத்தான் அன்றைக்கு நினைத்தேன்.

அப்புறம்தான் படித்தேன். வெள்ளிக் கோளை விடப் பிரகாசமாக எரிந்தாலே அது தீப்பந்துக் கணக்கு. சத்தமும் கேட்டதென்றால் காற்று மண்டலத்தில் வெகு ஆழம் இறங்கியிருக்கிறது, கல் தரைக்கு வந்திருக்கவும் வாய்ப்புண்டு. ஒலி நொடிக்குச் சுமார் 330 மீட்டர் போகும். இரண்டு நிமிடம் என்றால் 40 கிலோமீட்டர். 1976 ஜனவரி 28 இரவு குஜராத்தில் தஜாலா விண்கல் விழுந்தபோது, பார்த்தவர்கள் சொன்னதை வைத்தே அது வந்த பாதையையும் சூரியனைச் சுற்றிய சுற்றுப்பாதையையும் கணக்கிட்டார்கள். சுமார் 45 கிலோ கல் கிடைத்தது. அவர்களிடம் இருந்தது வெறும் கண்ணும் ஞாபகமும். எங்களிடம் நொடி பிசகாத ஜி.பி.எஸ். கடிகாரம் இருந்தது. டிரிப் ஆனால் அதுவே நேரத்தைப் பதிந்துவிடும். ஆகாததால் அந்த இரவு எங்கேயும் பதிவாகவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்கில் விண்கல் வெடித்த வெளிச்சத்தைப் பார்த்து ஜன்னலுக்கு வந்தவர்கள் பலர். அதிர்வலை பிந்தி வந்தது. சுமார் 1,500 பேருக்குக் காயம், பெரும்பாலும் உடைந்த கண்ணாடியால். அந்த இரண்டு நிமிடமும் நாங்கள் நின்றது கன்ட்ரோல் ரூம் கண்ணாடியை ஒட்டித்தான். அந்தப் பையனை நானேதான் அங்கே கூட்டிப் போனேன்.

எழுதியிருந்தால் மட்டும் யார் எடுத்துப் படித்திருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். பாதி நாள் அது எடுபடும். இன்றைக்கு இன்னொரு பையன் அதே கேள்வியைக் கேட்டால் எழுது என்பேனா? என்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் போனை நினைத்தால் வாய் தயங்குகிறது.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் அந்தத் தம்பியைப் பார்த்தேன். சாப்பிட உட்கார்ந்ததும் அவன்தான் ஆரம்பித்தான். “2:43 சார் அது.”

“2:40 தாண்டியிருக்காதே?”

“இல்ல சார். நான் கடிகாரத்தப் பாத்துட்டுத்தான் உங்ககிட்ட கேட்டேன்.”

ஊருக்கு வந்ததும் பழைய லாக் புக்கைத் தேடி எடுத்தேன். மூன்று மணிக்கு நேரே அவன் கையெழுத்தில் வோல்டேஜ், லோடு, ஆயில் டெம்பரேச்சர் எல்லாம் இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் ‘நார்மல்’ என்று இருக்கிறது.