டிரேட்மார்க் பதிவில் எங்கள் விண்ணப்பமே எங்களுக்கு எதிராக நின்ற கதை

எங்கள் நிறுவனத்தின் டிரேட்மார்க் சான்றிதழ் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. மனநிறைவுதான், ஆனால் இதற்காக அலைந்த அலைச்சலில் பாதிக்கு மேல் தேவையே இல்லாதது என்பதை நினைத்தால் இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. டிரேட்மார்க் என்றால் என்ன, எதற்காகப் பதிய வேண்டும் என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவற்றைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். விண்ணப்பத்தில் யார் பெயர், எந்தத் தேதி என்ற இரண்டு கட்டங்களில் என்னென்ன விபரீதம் நடக்கும் என்பதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

நானும் என் பங்குதாரரும் துணிப் பைகள் தைத்து விற்கும் கூட்டு நிறுவனம் ஒன்றை நடத்துகிறோம். ஜிஎஸ்டி வருவதற்கு முன்பிருந்தே, அதாவது 2017-க்கு முன்பிருந்தே, ஒரே பிராண்ட் பெயரில் விற்று வருகிறோம். பதிவு வேலையை இணையத்தில் விளம்பரம் செய்யும் ஓர் ஆலோசனை நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். அரசுக் கட்டணம், வக்கீல் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரே தொகை என்றார்கள். என்னுடைய ஆதார், பான், லோகோ படம் ஆகியவற்றைக் கேட்டு வாங்கினார்கள். ஒரு பவர் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அடுத்த சில நாள்களில் விண்ணப்ப எண் வந்துவிட்டது. வேலை இவ்வளவு சுலபமா என்று நாங்கள் வியந்துகொண்டிருந்த அந்த நேரத்திலேயே கோளாறு நடந்து முடிந்திருந்தது. கூட்டு ஒப்பந்தப் பத்திரத்தை அவர்கள் கேட்கவில்லை. இந்தப் பெயரை எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்றும் கேட்கவில்லை. இந்த இரண்டையும் கேட்காதவர் உங்கள் விண்ணப்பத்தைத் தயாரிக்கிறார் என்றால், அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

விண்ணப்பத்தின் நிலையை யார் வேண்டுமானாலும் டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். விண்ணப்ப எண்ணைக் கொடுத்தால் முழு விவரமும் திறக்கும். ஒருநாள் என் பங்குதாரர் அப்படிப் பார்த்துவிட்டு, திரையை என் பக்கம் திருப்பி, "உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர் மட்டும்தானே இருக்கிறது, நம் கம்பெனி எங்கே?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. நானும் அப்போதுதான் முதல்முறையாக அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். விண்ணப்பத்தை முகவர், அதாவது நம் சார்பில் தாக்கல் செய்பவர், தன்னுடைய டிஜிட்டல் கையொப்பத்தில் தாக்கல் செய்துவிடுவதால், டிஎம்-ஏ என்ற விண்ணப்பப் படிவத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பது விண்ணப்பதாரரின் கண்ணில் படாமலே போய்விட வாய்ப்பு உண்டு. ஆகவே தாக்கலுக்கு முன் படிவத்தின் வரைவையும், தாக்கலுக்குப் பின் ஒப்புகைச் சீட்டையும் கேட்டு வாங்கி, பங்குதாரர்கள் எல்லோரும் ஒருமுறை படித்துவிடுவது உத்தமம்.

ஏன் என் பெயரில் போட்டீர்கள் என்று கேட்டதற்கு வந்த பதில், "தனிநபர் என்றால் கட்டணம் பாதிதான் சார், உங்களுக்கு மிச்சம்தானே" என்பது. இணையவழித் தாக்கலில் ஒரு வகுப்புக்கு (பொருள்களை இனவாரியாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள், அதில் ஒன்றுக்கு) தனிநபருக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000 ரூபாய் என்பது உண்மைதான். ஆனால் அந்த 4,500 ரூபாய்ச் சலுகை தனிநபருக்கு மட்டும் உரியதன்று. புத்தொழில் நிறுவனங்களுக்கும் சிறு தொழில்களுக்கும் அதே கட்டணம்தான். எங்களிடம் சிறு தொழில் என்பதற்கு அரசு தரும் உத்யம் பதிவுச் சான்றிதழ் இருந்தது. அதை இணைத்து நிறுவனத்தின் பெயரிலேயே அதே 4,500 ரூபாயில் தாக்கல் செய்திருக்கலாம். ஆக, மிச்சப்படுத்தியதாக அவர்கள் சொன்ன பணத்தில் ஒரு காசுகூட உண்மையில் மிச்சமில்லை. எங்கள் பில்கள், வங்கிக் கணக்கு, வரிப் பதிவு அத்தனையும் நிறுவனத்தின் பெயரில் இருக்க, பிராண்ட் மட்டும் ஒரு பங்குதாரரின் சொந்தச் சொத்துபோல் பதிவேட்டில் நின்றதுதான் மிச்சம்.

இதைவிடப் பெரிய வினை அடுத்த கட்டத்தில் இருந்தது. பெயர் எப்போதிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது என்ற இடத்தில் 'பயன்படுத்த உத்தேசம்' என்று போட்டிருந்தார்கள். முன்பே பயன்படுத்துவதாகச் சொன்னால் 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி அதற்கு ஒரு பிரமாண வாக்குமூலமும் ஆதார ஆவணங்களும் சேர்த்துத் தர வேண்டும். அந்த வேலையைத் தவிர்க்கும் குறுக்குவழி இது. வருடக்கணக்காக விற்பனையில் இருக்கும் ஒரு பெயரை, இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறோம் என்று நம் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டார்கள். விளைவு, விண்ணப்பத்தைப் பரிசீலித்துப் பதிவகம் அனுப்பும் ஆய்வு அறிக்கையில் வந்து நின்றது. எங்கள் பெயரைப்போலவே ஒலிக்கும் வேறொரு பெயருக்கு எங்களுக்கு முன்பே ஒருவர் விண்ணப்பித்திருந்ததைச் சுட்டிக்காட்டி, டிரேட்மார்க் சட்டம் 1999-இன் 11-ஆம் பிரிவின்கீழ் ஆட்சேபம் எழுப்பியிருந்தார்கள். அவருக்கு முன்பிருந்தே நாங்கள் பயன்படுத்துகிறோம் என்று சொல்ல முடிந்தால் அது வலுவான பதில்; சட்டத்தின் 34-ஆம் பிரிவு முந்தைய பயனாளரின் உரிமையைக் காக்கிறது. ஆனால் 'உத்தேசம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு அந்த வாதத்தை எந்த முகத்தோடு வைப்பது?

அந்த அறிக்கையும் எங்களுக்கு நேராக வரவில்லை. விண்ணப்பத்தில் கொடுக்கப்பட்டிருந்த மின்னஞ்சல் முகவருடையது. அறிக்கை கிடைத்த ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படலாம். அவர்கள் வாயே திறக்கவில்லை. 'ஆட்சேபிக்கப்பட்டது' என்று இணையதளத்தில் மாறியிருந்ததை நாங்களாகப் பார்த்துவிட்டுக் கேட்டபோது, பதில் எழுதுவது எங்கள் தொகுப்பில் அடங்காது, அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். பவர் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று அப்போதுதான் கவனித்தோம். நாங்கள் ஒருமுறைகூடப் பேசியிராத ஒரு வழக்கறிஞரின் பெயர் அது. அவரோடு பேச வேண்டும் என்றதற்கு, வாடிக்கையாளர்கள் நேரடியாகப் பேச அனுமதி இல்லை என்று பதில் வந்தது. என் பெயரில் அதிகாரம் பெற்றவரோடு நான் பேசக் கூடாதாம்.

அங்கிருந்து விலகி, அறிவுசார் சொத்துரிமை வழக்குகளைக் கவனிக்கும் ஒரு வழக்கறிஞரை நேரில் போய்ப் பார்த்தோம். பழைய விண்ணப்பத்தை என்னிடமிருந்து நிறுவனத்துக்கு மாற்றி எழுதலாம், ஆனால் 'உத்தேசம்' என்ற கறை அப்படியே இருக்கும். புதிதாக நிறுவனத்தின் பெயரில், பங்குதாரர்கள் அனைவரின் பெயரையும் குறிப்பிட்டு, பயன்பாட்டுத் தேதியோடு விண்ணப்பிப்பதே நல்லது என்றார். பைகளுக்கு வகுப்பு 18 என்பதில் குழப்பம் இல்லை. லோகோவுக்கு முன்னால் பெயரை மட்டும் சொல்லாகப் பதியச் சொன்னார். லோகோவை நாளை மாற்றினாலும் பெயருக்கான பதிவு அப்படியே நிற்கும் என்பது காரணம்.

வாக்குமூலம் தயாரிக்கும் வேலைதான் இடுப்பை ஒடித்தது. பழைய பில் புத்தகங்களைத் தேடி எடுத்தால், பெரும்பாலானவற்றின் தலைப்பில் நிறுவனத்தின் பெயர்தான் இருந்தது, பிராண்ட் பெயர் இல்லை. நிறுவனப் பெயர் இருப்பதால் மட்டும் பிராண்ட் பயன்பாட்டில் இருந்ததாக ஆகிவிடாது. பொருளோடு சேர்ந்து அந்தப் பெயர் வர வேண்டும். நல்லவேளையாக, ஆரம்ப நாள்களில் என் பங்குதாரர் சரக்கு விவரம் எழுதும் பத்தியில் பிராண்ட் பெயரையும் பேனாவால் எழுதும் பழக்கம் வைத்திருந்தார். கார்பன் நகல் வெளிறிப் போயிருந்தாலும், மேலே ஜிஎஸ்டிக்கு முந்தைய வாட் வரிக் காலத்து டின் எண்ணும் (வரிப் பதிவு எண்), நடுவில் பிராண்ட் பெயரும் படிக்கும்படி இருந்த ஒரு பில் கிடைத்தது. வாக்குமூலத்தில் அந்தப் பில்லின் தேதியைத்தான் முதல் பயன்பாடாகக் காட்டினோம். அதற்கும் முன்பே விற்றோம் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் காகிதம் இல்லாத தேதியைச் சத்தியம் செய்து எழுதினால் எதிராளிக்கு நாமே கத்தி எடுத்துக் கொடுப்பதாகும். நோட்டரி, வாக்குமூலத்தில் மட்டும் முத்திரை குத்திவிட்டு இணைப்புகளை விட்டுவிட்டார். திரும்பப் போய் ஒவ்வொரு இணைப்பிலும் முத்திரையும் கையெழுத்தும் வாங்க வேண்டியதாயிற்று. நோட்டரி அறையை விட்டு வெளியே வருவதற்கு முன் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

பழைய விண்ணப்பத்துக்குப் பதில் தராமல் விட்டால் அது தானாகவே காலாவதியாகும் என்று கணக்குப் போட்டிருந்தோம். அந்த உத்தரவு வருவதற்குள் புதிய விண்ணப்பம் ஆய்வுக்கு வந்துவிட்டது. ஆட்சேப அறிக்கையைத் திறந்தால், முரண்படும் குறிகளின் பட்டியலில் அந்த மூன்றாம் நபரின் பெயருக்கு அடுத்ததாக என்னுடைய பெயர்! நான் தனிநபராகப் போட்ட விண்ணப்பம், நான் பங்குதாரராக இருக்கும் நிறுவனத்தின் விண்ணப்பத்தை மறித்து நிற்கிறது. பதிவேட்டைப் பொறுத்தவரை இருவரும் வேறு வேறு ஆள்கள்தான், அதில் ஆய்வாளரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய விண்ணப்பத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஆலோசனை நிறுவனத்திடம் சொன்னால் அதற்கும் ஒரு கட்டணம் சொன்னார்கள். எங்கள் வழக்கறிஞர் பழைய விண்ணப்பத்திலும் புதிய பவர் பத்திரம் ஒன்றைத் தாக்கல் செய்து, என் கையெழுத்திட்ட விலகல் கோரிக்கையை அவரே அனுப்பிவிட்டார். முகவரை மாற்ற, போனவரின் தயவு தேவையில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

விசாரணை காணொலியில் நடந்தது. அதிகாரி கேட்டது ஒரே கேள்விதான்: பிராண்ட் பெயரும் பை என்ற பொருளும் ஒன்றாக வரும் மிகப் பழைய ஆவணம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? இணைப்புகளுக்குப் பக்க எண் போட்டு, அந்தப் பில்லை முன்னாலேயே வைத்திருந்ததால் வழக்கறிஞர் உடனே பக்கத்தைச் சொன்னார். மூன்றாம் நபரும் தன் விண்ணப்பத்தில் 'உத்தேசம்' என்றே போட்டிருந்தது எங்களுக்குச் சாதகமானது. பதிவகத்தின் இதழில் வெளியிட உத்தரவானது. அதன்பின் எதிர்ப்புத் தெரிவிக்க நான்கு மாதங்கள், யாரும் வரவில்லை.

இந்த நான்கு மாத இடைவெளியில் இரண்டு எச்சரிக்கைகள். இதழில் பெயர் வந்ததும், அரசு அலுவலகம்போலவே தலைப்பு வைத்து, சர்வதேசப் பதிவேட்டில் சேர்க்கப் பணம் கட்டச் சொல்லிக் கடிதங்கள் வரக்கூடும். அவற்றைக் கிழித்துப் போடலாம். அடுத்து, வட்டத்துக்குள் ஆர் எழுத்துப் போடும் குறியை, விண்ணப்பித்த அன்றே அச்சிடலாம் என்று அந்த ஆலோசனை நிறுவனம் எங்களிடம் சொல்லியிருந்தது. பதிவு முடியும்வரை டிஎம் என்று மட்டுமே போடலாம். பதியாத குறியைப் பதிந்ததாகக் காட்டுவதற்குச் சட்டத்தில் அபராதம் உண்டு.

லோகோவுக்கு நாங்கள் பணம் கொடுத்துவிட்டோம், ஆகவே அது எங்களுடையது என்றுதான் எண்ணியிருந்தோம். வழக்கறிஞர் உதட்டைப் பிதுக்கினார். வெளியாள் ஒருவர் வரைந்த லோகோவின் காப்புரிமை (காப்பிரைட்), எழுத்துமூலம் மாற்றித் தரப்படாதவரை, வரைந்தவருடையது என்றே வாதிட இடமுண்டு. ஆலோசனை நிறுவனம் கொடுத்திருந்த மாதிரி ஒப்பந்தத்தில் 'உரிமைகள் வழங்கப்படுகின்றன' என்று ஒற்றை வரி இருந்தது. காலம் இல்லை, எல்லை இல்லை. 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றே கொள்ளப்படும். ஐந்து ஆண்டுகள் கழித்து நம் பையில் இருக்கும் படத்துக்கு நாமே அனுமதி கேட்டு நிற்க வேண்டிவரும். வடிவமைத்த பெண்ணிடம் புதிய ஒப்பந்தத்தை எடுத்துச் சென்றபோது, "இதுக்குப் போயா அண்ணா இவ்வளவு தயங்குனீங்க?" என்று கேட்டுவிட்டு, தன் பணிகளின் தொகுப்பில் அந்த லோகோவைக் காட்டிக்கொள்ள அனுமதிக்கும் ஒரு வரியை மட்டும் சேர்க்கச் சொல்லிக் கையெழுத்திட்டார். எல்லோரும் அவ்வளவு நல்லவர்களாக இருப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது; பணம் கொடுக்கும் நாளிலேயே கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள்.

சான்றிதழ் நிறுவனத்தின் பெயரில் வந்திருக்கிறது. விண்ணப்பித்த நாளிலிருந்து 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். கையோடு கூட்டு ஒப்பந்தப் பத்திரத்திலும் ஒரு திருத்தம் செய்தோம். பிராண்ட் பெயரும் லோகோவும் நிறுவனத்தின் சொத்து என்றும், ஒருவர் விலகினால் அவை யாரிடம் இருக்கும், விலகுபவருக்கு எந்தக் கணக்கில் ஈடு தரப்படும் என்றும் எழுதினோம். அந்த விதியை எழுதச் சொன்னது என் பங்குதாரர். கடைசிப் பாகத்தை இரண்டு முறை திருத்தச் சொன்னது நான்.