ஓர் ஆட்டத்துக்கு 250 டாலர்: கான்டனில் ஜிம் தோர்ப்

ஒஹாயோ மாநிலத்தின் கான்டன் நகருக்குச் செல்ல விரும்புவோர் முதலில் கார் ஒன்றுக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். கிளீவ்லாந்திலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தெற்கே வந்து பேருந்தை விட்டு இறங்கிய எங்களை ஏற்றிக்கொண்ட டாக்சி ஓட்டுநர், ஏறும்போது ஒரு கட்டணம் சொன்னார். இறங்கும்போது விடுமுறை நாள் என்று காரணம் காட்டி அதைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கினார். வாதாடிப் பயனில்லை. அந்தப் பணம் எங்கள் மதிய உணவுக்காக ஒதுக்கி வைத்திருந்தது. இதை எழுதும்போதும் எனக்கு எரிச்சல் தீரவில்லை.

தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தின் சிறந்தவர்களைப் போற்றும், 1963-இல் திறக்கப்பட்ட புரோ ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகத்தில் ஜிம் தோர்ப்பின் 7 அடி உயர வெண்கலச் சிலை நிற்கிறது. முதல் ஆண்டில் சேர்க்கப்பட்ட 17 பேரில் அவரும் ஒருவர். சாக் அண்ட் ஃபாக்ஸ் பழங்குடியைச் சேர்ந்த தோர்ப் என்றதும் பலருக்கு நினைவு வருவது 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கும், அங்கே வென்று பின்னர் பறிக்கப்பட்ட இரு தங்கப் பதக்கங்களும்தான். அந்த அநீதி பேசப்பட வேண்டியதே. ஆயினும் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து அந்நாட்டில் காலூன்றியதற்கு அவர் ஆட்டமும் பெயரும் எவ்வளவு காரணம் என்பது போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் உறுதியான கருத்து.

1915-இல் கான்டன் புல்டாக்ஸ் அணியின் மேலாளர் ஜாக் கியூசாக், ஓர் ஆட்டத்துக்கு 250 டாலர் என்று பேசி தோர்ப்பை அழைத்து வந்தார். அன்றைய நிலையில் அது மிகப் பெரிய தொகை. அணி திவாலாகிவிடும் என்று நெருங்கியவர்களே எச்சரித்தனர். நடந்ததோ வேறு. சுமார் 1,200 பேர் வந்துகொண்டிருந்த ஆட்டங்களுக்கு 6,000, 8,000 என்று கூட்டம் திரண்டது. பக்கத்து ஊரான மாசிலன் டைகர்ஸ் அணியிடம் முதல் மோதலில் 16-0 எனத் தோற்ற கான்டன், இரண்டாவது மோதலில் 6-0 என வென்றது. அந்த ஆறு புள்ளிகளும் தோர்ப்பின் காலிலிருந்து வந்தவை. 1916, 1917, 1919 ஆகிய ஆண்டுகளில் ஒஹாயோவின் முதன்மை அணியாக கான்டனே விளங்கியது. பந்தைத் தரையில் விட்டு, அது எழும் கணத்தில் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் டிராப் கிக் இன்று ஏறக்குறைய மறைந்துவிட்டது. தோர்ப் அதில் வல்லவர்.

1920 செப்டம்பரில், இதே ஊரில் ரால்ஃப் ஹே என்பவரின் கார் விற்பனைக் கூடத்தில் அணி உரிமையாளர்கள் கூடினார்கள். நாற்காலிகள் போதாமல் சிலர் கார்களின் பக்கவாட்டுப் படிகளில் அமர்ந்தார்களாம். அன்று உருவான சங்கத்துக்குத் தோர்ப்பையே தலைவராக்கினார்கள். 1922-இல் என்.எஃப்.எல். (நேஷனல் ஃபுட்பால் லீக்) என்று பெயர் மாறியது அந்தச் சங்கம்தான்.

வாடகைக் காருக்குச் செலவானாலும் பரவாயில்லை என்று அதே மாநிலத்தின் மேரியன் நகருக்கு மேற்கே உள்ள லாரூ என்னும் சிற்றூருக்கும் சென்றோம். ஏர்டேல் நாய்களை வளர்த்து விற்ற வால்டர் லிங்கோ, தம் வணிகத்துக்கு விளம்பரமாக, முழுக்கப் பழங்குடி வீரர்களைக் கொண்ட ஊராங் இண்டியன்ஸ் அணியை 1922-இல் தோர்ப்பின் தலைமையில் அமைத்தது இங்கேதான். இடைவேளையிலும் வீரர்கள் கூட்டத்துக்காக வேடிக்கை காட்ட வேண்டியிருந்தது. இரு பருவங்களில் 4 வெற்றி, 16 தோல்வி. அத்தகைய வீரர்களை நாய் விற்பனைக்குக் காட்சிப் பொருளாக்கியதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

1928-இல் சிகாகோ கார்டினல்ஸ் அணிக்காகத் தோர்ப் கடைசியாக ஆடினார். அந்த ஆட்டத்தில் அணி 34-0 எனத் தோற்றது. அதிகாரப்பூர்வ ஏட்டில் அவருக்கு 52 ஆட்டங்கள்தான் பதிவாகியுள்ளன, ஏனெனில் சங்கம் பிறப்பதற்கு முன்னால், தம் உச்சத்தில், அவர் ஆடியவை அந்தக் கணக்கில் சேரவில்லை. ஆகவே கான்டனுக்குச் செல்வோர் அருங்காட்சியகத்தில் 1920-க்கு முந்தைய காலத்துக்கே முதலில் நேரம் ஒதுக்குங்கள். டாக்சியில் ஏறுவதற்கு முன் கட்டணத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.