காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 10 முதல் 19 வயதுக்குள் 7 பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது. 40 பேர் படிக்கும் வகுப்பென்றால் ஐந்தாறு பேர். பதற்றமும் மனச்சோர்வும் அதில் முன்வரிசையில் நிற்கின்றன. பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதே இல்லை.

பிள்ளைகள் "எனக்குப் பதற்றமாக இருக்கிறது" என்று சொல்வது அபூர்வம். பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிறு வலிக்கும், தலை வலிக்கும். தயவுசெய்து அதை நடிப்பு என்று சொல்லாதீர்கள், வலி நிஜம். மனச்சோர்வும் எப்போதும் அழுகையாக வருவதில்லை. எரிச்சலாக, வெடிக்கும் கோபமாகக்கூட வரும். நாம் திமிர் என்று திட்டிவிடுகிறோம். ஒழுங்காகப் படித்துக்கொண்டு வாயே திறக்காத பிள்ளையை யாரும் கேட்பதுகூட இல்லை, எனக்கு அதுதான் பெரிய கவலை.

அப்புறம், பயந்து லீவு போடப்போட பயம் இன்னும் வளரும். பயப்படும் விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்திக்கப் பழக்கும் சிகிச்சை பலருக்கு நல்ல பலன் தருகிறது. தூக்கம், சாப்பாடு, நட்பு எல்லாம் 2 வாரமாக மாறிக் கிடந்தால் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். சாக வேண்டும்போல் இருக்கிறது என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கே போங்கள்.