எத்தனையாம் பக்கத்தில் நிற்கிறாய்?

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழுவினர் பள்ளி நினைவு ஒன்றை எழுதித் தரச் சொன்னார்கள். விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, அதிபரின் பிரம்பு எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதுவார்கள், போன மலரிலும் அதற்கு முந்திய மலரிலும் எழுதியும் விட்டார்கள். நான் நூலக மேசையில் கிடந்த ஒரு கொப்பியைப் பற்றி எழுதுகிறேன். என் காலத்தவர்களுக்கு அது ஞாபகம் இருக்கும், பின்னால் வந்தவர்களுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

நீளமான, தடித்த மட்டை போட்ட சீ.ஆர். கொப்பி. நூலகத்துக்குப் பொறுப்பாக இருந்த மாஸ்டர் அதில் கோடு கிழித்து நிரல்கள் போட்டு வைத்திருந்தார். பெயர், புத்தகம், நிற்கும் பக்கம், இப்போதைக்கு எப்படி இருக்கிறது. கடைசி நிரலில் ஒரு வரிக்கு மேல் எழுத இடமில்லை, கதைச் சுருக்கம் எழுதவே கூடாது. "நல்ல புத்தகம்" என்று எழுதினால் பக்கத்தில் சிவப்பு மையில் "எது?" என்று கேட்டிருப்பார். புள்ளி கிடையாது, பரிசு கிடையாது, எழுதாவிட்டால் கேள்வியும் கிடையாது. அதனால்தானோ என்னவோ, புத்தகம் எடுக்கப் போகாதவர்கள்கூட யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கப் போனார்கள்.

மாஸ்டரும் அதில் எழுதுவார். எங்களுக்கு அது பெரிய அதிசயம். ஆசிரியர் என்றால் எல்லாப் புத்தகத்தையும் முன்பே வாசித்து முடித்தவர் என்றல்லவா நினைத்திருந்தோம்? அவரோ எல்லோரும் கொண்டாடும் ஒரு நாவலின் பெயரை எழுதி, "இன்றோடு நிறுத்துகிறேன், ஆசிரியரோடு எனக்குக் கோபம் எதுவும் இல்லை" என்று போட்டிருந்தார். அந்த ஒரு வரியைப் பார்த்த பிறகுதான் எங்களில் பலருக்குத் துணிவு வந்தது. அதுவரை எல்லோருக்கும் எல்லாமே பிடித்திருந்தது, கொப்பியிலே!

பொய்யர்களும் இருந்தார்கள், இல்லாமலா. பெரிய காப்பியம் ஒன்றின் பெயரை எழுதி வைத்துவிட்டு உள்ளே துப்பறியும் கதை வாசித்துக்கொண்டிருந்தவரை எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும் (அவர் இப்போது சங்கத்தில் பொறுப்பான பதவியில் இருப்பதால் இதோடு விடுகிறேன்). அவரை மாட்டிவிட்டது பக்க நிரல்தான். தவணை முழுவதும் பக்கம் நகரவில்லை. மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை, அந்த எண்ணைச் சுற்றி மெல்லிசாக ஒரு வட்டம் போட்டார், அடுத்த கிழமை அதைச் சுற்றி இன்னொன்று. அகராதியை முதல் பக்கத்திலிருந்து வரிசையாக வாசித்த ஒரு அண்ணையும் இருந்தார். அவர் மெய்யாகவே வாசித்தார், வட்டம் விழவில்லை.

கொப்பியில் அதிகம் சண்டை பிடிக்கப்பட்டது பொன்னியின் செல்வனுக்காகத்தான். கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்ததை வீட்டில் யாரோ கிழித்துச் சேர்த்து பைண்ட் பண்ணி வைத்திருக்க, அதை ஒருத்தி பள்ளிக்குக் கொண்டு வந்திருந்தாள். மணியத்தின் ஓவியங்கள், தொடரின் நடுவே மாட்டிக்கொண்ட பழைய விளம்பரங்கள், முந்திய பக்கத்துப் பாதித் துணுக்கு எல்லாம் அதில் இருந்தன. ஐந்து பாகங்கள், எல்லாம் வெவ்வேறு கைகளில். இரண்டாம் பாகத்தை முடித்தவனுக்கு மூன்றாம் பாகம் கிடைக்காது, அதை வைத்திருப்பவள் எத்தனையாம் பக்கத்தில் நிற்கிறாள் என்று கொப்பியைப் பார்த்துவிட்டு வந்து வாசலில் நின்று முறைப்பான். பொறுமையில்லாத சிலர் கிடைத்த பாகத்தை வாசித்தார்கள். மூன்றாம் பாகம் இல்லாமலே நான்குக்குப் போன ஒருவர் இன்றைக்கும் அந்தக் கதையை வேறு மாதிரித்தான் சொல்வார், அவர் சொல்லும் கதையும் மோசமில்லை.

சரி, இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எனக்கு இத்தனை காலம் கழித்துத் தெரிவது இதுதான்: "உனக்குப் பிடித்த புத்தகம் எது?" என்று கேட்டால் மனிதர்கள் தங்களைப் பற்றி ஒரு படம் வரைந்து காட்டுகிறார்கள். "இப்போது என்ன வாசிக்கிறாய், எங்கே நிற்கிறாய்?" என்று கேட்டால் உள்ளதைச் சொல்கிறார்கள். நடுவில் நிற்பவருக்கு முடிவு தெரியாது, விமர்சனம் பண்ணும் தகுதி இல்லை, அந்த ஆள் ஏன் அப்படிச் செய்தான் என்று அவருக்கே இன்னும் குழப்பம். அந்தக் குழப்பத்தைக் கேட்கும்போதுதான் நமக்கும் அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றும். முழுதாக முடித்தவர் தரும் நற்சான்றிதழைக் கேட்டு நான் புத்தகம் எடுத்தது குறைவு.

உ.வே. சாமிநாதையர் தன் வாழ்க்கையை எழுதிய 'என் சரித்திர'த்தில் வரும் ஒரு இடத்தை மாஸ்டர் வகுப்பில் அடிக்கடி சொல்லுவார். 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சாமிநாதையர் பார்க்கப் போகிறார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று பெரிய பட்டியலாகவே சொல்கிறார். முதலியார் அசையவில்லை. இதனாலெல்லாம் என்ன பயன் என்கிறார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்கிறார். கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறவரிடம் இந்தக் கேள்வி! ஆனால் அதோடு விடாமல் சிந்தாமணியின் பிரதியைக் கையில் கொடுத்து, இருவரும் சேர்ந்து படிக்கவும் தொடங்கினார்கள். பொருள் புரியாத இடங்களில் சாமிநாதையர் அந்த ஊர்ச் சமணர்களைத் தேடிப் போய்க் கேட்டார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது, அதன் பின் வந்தவை நமக்குத் தெரியும். மாஸ்டர் இதைச் சொல்லிவிட்டு, முதலியார் கேட்டதில் பாதி நல்ல கேள்வி, பாதி கெட்ட கேள்வி என்பார். பட்டியல் கேட்டது கெட்டதாம். பிரதியைக் கொடுத்து உட்கார்ந்து வாசித்தது நல்லதாம். எனக்கு முதலியார் மேல் கொஞ்சம் கோபம் உண்டு, பிள்ளைத்தமிழை அப்படி ஒரு பேச்சில் தள்ளியிருக்க வேண்டாம்.

பள்ளியை விட்டு உலகெங்கும் சிதறிப்போன பிறகு அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. வேலை எப்படி, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், இடுப்பு வலி எப்படி, அவ்வளவுதான். இங்கே சங்கக் கூட்டத்தில் கணக்கறிக்கை, நன்றியுரை எல்லாம் முடிந்து கதிரைகளை அடுக்கும் நேரத்தில் பழைய வகுப்புத் தோழி ஒருத்தி சும்மா கேட்டாள், "எத்தனையாம் பக்கத்தில் நிற்கிறாய்?" கேட்டவுடனே அடுக்கிய கதிரையை விரித்துப் போட்டு உட்கார்ந்தோம். இப்போது அது கூட்டத்தின் கடைசிப் பகுதியாகவே ஆகிவிட்டது, சிலர் அதற்காக மட்டும் பிந்தி வருகிறார்கள். செயலாளருக்கு இதில் வருத்தம்.

என்னதான் வாசிக்கிறார்கள்? மேலே சொன்ன பொறுப்பான பதவிக்காரர் இப்போது ஒளிக்காமல் துப்பறியும் கதைதான் வாசிக்கிறார். அகதா கிறிஸ்டியின் ரோஜர் அக்ராய்ட் கொலை நாவல், 1926இல் வந்தது. அதுவும் இரண்டாம் முறை. கொலைகாரர் யார் என்று தெரிந்துகொண்டு வாசித்தால்தான் அதன் திறமை தெரியும் என்கிறார், உண்மையைக் கண்ணுக்கு முன்னாலேயே வைத்துவிட்டு நம்மைப் பார்க்க விடாமல் செய்திருக்கிறாளாம். வந்த காலத்தில் இது நியாயமான ஆட்டமா என்று வாசகர்கள் சண்டை போட்ட நாவல் அது. எங்கள் கூட்டத்திலும் போட்டோம், வாசிக்காதவர்களை வெளியே அனுப்பிவிட்டு.

ஒரு அக்கா அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' வாசித்துக்கொண்டிருந்தார். 1948ஐ ஒட்டிய நாட்களின் செகந்திராபாத், நிஜாம் ஆட்சி முடியப்போகிற நேரம், பையனுக்கோ கிரிக்கெட் கவலை. முதற் கூட்டத்தில், "ஒன்றுமே நடக்கவில்லை, பையன் சைக்கிளில் போகிறான், வருகிறான்" என்று முறைப்பாடு செய்தார். அடுத்த கூட்டத்தில் அவரிடம் கேட்டபோது, ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த பக்கங்களில்தான் எல்லாமே நடந்துகொண்டிருந்தது என்றார். ஊர் மாறுவதைப் பையனும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை என்றார். முடித்த பிறகு மட்டும் கேட்டிருந்தால் அந்த முதல் முறைப்பாடு நமக்குக் கிடைத்திருக்குமா? எனக்கு இரண்டும் வேண்டும்.

தொடக்கத்தில் பெரியவர்கள் முகம் சுளித்தது இளைய உறுப்பினர் ஒருவர் ஜப்பானிய மங்கா ஒன்றைச் சொன்னபோதுதான். ஒன் பீஸ், 1997இல் தொடங்கியது, தொகுதிகள் நூறைத் தாண்டிவிட்டன, வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் வாசிக்க வேண்டும். படக்கதைதானே என்றார் ஒருவர். தம்பி பதில் சொல்லாமல், வார இதழில் அடுத்த அத்தியாயம் வரும்வரை எப்படிக் காத்திருப்பார்கள், வராத கிழமைகளில் எப்படிச் சோர்ந்து போவார்கள், அடுத்து என்ன நடக்கும் என்று என்னென்ன ஊகங்கள் போடுவார்கள் என்று விவரித்தான். பொன்னியின் செல்வன் பைண்டுக்கு வாசலில் நின்று முறைத்தவர்கள் அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. ஒருவர் முதல் தொகுதியை இரவல் வாங்கிக்கொண்டு போனார். கண்ணாடி போட்டும் எழுத்துச் சின்னதாக இருக்கிறது என்பது இதுவரை வந்த அறிக்கை.

கண் ஒரு பெரிய விஷயம் எங்கள் வயதில். எழுத்தைப் பெரிதாக்கலாம் என்பதற்காகவே திரையில் வாசிக்கத் தொடங்கியவர்கள் பலர். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பிலிருந்து சங்க இலக்கியம் இறக்கி வைத்திருக்கிறார் ஒருவர், 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தில் பழைய பாடசாலை மலர்களாகத் தேடி வாசிக்கிறார் இன்னொருவர். இரண்டுமே பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பு. பழைய மலர்களை வாசிப்பவர் அதில் வந்த கவிதைகளை எங்களுக்கு உரக்க வாசித்துக் காட்டுவதை மட்டும் நிறுத்தினால் நல்லது.

கேட்பது வாசிப்பாகுமா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. வேலைக்குக் காரில் போகும்போது 'என் சரித்திர'த்தை ஒலிப்புத்தகமாகக் கேட்கிறார் ஒருவர். ஆனந்த விகடனில் வாராவாரம் வந்த தொடர் என்பதால் அத்தியாயங்கள் சின்னவை, ஒரு பயணத்துக்கு ஒன்று சரியாக இருக்கிறதாம். 122 அத்தியாயங்கள், 1942இல் ஐயர் மறைந்தபோது நூல் முடியவில்லை. நிற்கும் பக்கத்தைச் சொல்ல முடியாதே என்பது எதிர்த்தரப்பு வாதம். அத்தியாய எண் சொல்கிறேனே என்கிறார் அவர். நான் அவர் பக்கம். ஏடுகளைப் பாடம் சொல்லக் கேட்டே வளர்ந்தவரின் கதையைக் கேட்கக் கூடாது என்பது என்ன நியாயம்?

பாதியில் விடுவதற்கு எங்களிடம் தடையில்லை. டேனியல் பென்னாக் என்ற பிரெஞ்சு எழுத்தாளர், அவரும் ஆசிரியராக இருந்தவர்தான், வாசகரின் உரிமைகள் என்று பத்தை 1992இல் எழுதினார். வாசிக்காமலே இருக்கும் உரிமை முதலாவது, பக்கங்களைத் தாண்டிப் போவது இரண்டாவது, முடிக்காமல் விடுவது மூன்றாவது. அதைப் பார்த்ததும் எனக்கு மாஸ்டரின் அந்த ஒற்றை வரிதான் ஞாபகம் வந்தது, அவர் எவ்வளவோ காலம் முந்திவிட்டார். பத்தாவது உரிமை கொஞ்சம் சங்கடமானது. வாசித்ததைப் பற்றி வாய் திறக்காமல் இருக்கும் உரிமை. எங்கள் கேள்விக்கே அது ஆப்பு. அதனால் யாராவது "இந்த முறை சொல்லவில்லை" என்றால் அடுத்தவரிடம் போய்விடுகிறோம், ஏன் என்று கேட்பதில்லை. ஒரு தோழர் நெடுநாள் அப்படியே சொல்லிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

அவர்தான் பிறகு ஒருநாள் தனியாக வந்து, பள்ளியில் தலையணைப் புத்தகமெல்லாம் வாசித்தவன் நான், இப்போது ஒரு பக்கம் தாண்ட முடியவில்லை, கை தானாகக் கைபேசிக்குப் போகிறது என்றார். இப்படிச் சொல்பவர்கள் குறைவு, இப்படி இருப்பவர்கள் அதிகம். அவருக்கு நாவல் எதுவும் கொடுக்கவில்லை. அ. முத்துலிங்கத்தின் சிறுகதைத் தொகுதி ஒன்றைக் கொடுத்தேன். 1964இல் 'அக்கா' தொகுதியோடு வந்தவர், இப்போது கனடாவில் இருக்கிறார், ஒரு கதையை உட்கார்ந்த இடத்தில் முடித்துவிடலாம், சிரித்துக்கொண்டே முடிக்கலாம். ஒரு நாளைக்கு ஒன்று போதும், கைபேசியை மற்ற அறையில் வைத்துவிட்டு வாசி என்றேன். கடைசியாகக் கேட்டபோது ஐந்தாவது கதையில் நின்றார். நாலாவது பிடிக்கவில்லையாம். எது பிடிக்கவில்லை என்று கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.