பிங் போகிறது, லாகின் வரவில்லை

1998-இல் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்குச் சற்று முன்பு அலுவலகத் தொலைபேசி ஒலித்தது. எங்கள் வாடிக்கையாளரான நிதி நிறுவனம் ஒன்றின் தென்மாவட்டக் கிளை மேலாளர் பேசினார்.

“தம்பி, ஒரு டெர்மினலிலும் லாகின் வரவில்லை. ‘கனெக்டெட்’ என்று காட்டிவிட்டு அப்படியே நிற்கிறது. கவுன்டரில் கூட்டம் சேர்ந்துவிட்டது.”

“ஒரு நிமிடம் சார், பார்க்கிறேன்.”

சென்னையிலிருந்து அந்தக் கிளை ரூட்டருக்குப் பிங் அடித்தேன், அதாவது ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் சிறு சோதனைச் செய்திகளை அனுப்பினேன். ஒன்றுகூடத் தவறாமல் பதில் வந்தது. “லைன் நன்றாகத்தான் இருக்கிறது சார்” என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு அவர் கேட்டார்: “அப்படியானால் நான் பார்த்துக்கொண்டிருப்பது என்ன தம்பி?”

அந்தக் கேள்விக்குப் பதில் முந்தைய இரவு நான் செய்திருந்த வேலையில் இருந்தது. எல்லாக் கிளை லைன்களிலும் டிசிபி ஹெடர் சுருக்கத்தை (தரவைச் சுமக்கும் ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னாலும் ஒட்டும் விலாசத் தகவலைக் குறைக்கும் வசதியை) இயக்கிவிட்டு, ஒவ்வொரு கிளைக்கும் பிங் அடித்துப் பார்த்துத் திருப்தியோடு கடைசி பஸ்ஸைப் பிடித்திருந்தேன்.

அந்த நிறுவனத்தின் கிளைகளில் தனிச் சர்வர் கிடையாது. டெர்மினல்கள் எல்லாம் சென்னையில் இருந்த ஒரு யூனிக்ஸ் இயந்திரத்துக்குள், தொலைவிலுள்ள கணினியில் எழுத்து வடிவில் வேலை செய்ய உதவும் டெல்நெட் வழியாக நுழையும். இடையில் இருந்தது நொடிக்கு 9,600 பிட் வேக லீஸ்டு லைன், அதாவது வாடகைக்கு எடுத்த தனி இணைப்பு. பைட்டில் சொன்னால் நொடிக்கு 1,200. அன்றைக்கு அது மோசமான லைன் அல்ல. ஆனால் டெல்நெட் நடந்துகொள்ளும் விதம் வேறு. கிளையில் ஒருவர் தொகையைப் பதிய ‘5’ என்ற விசையைத் தட்டுகிறார். அந்த எழுத்து நேரே அவர் திரையில் விழாது. சென்னைக்குப் போய்த் திரும்பி வந்த பிறகே விழும். போகும்போது அந்த ஒரு பைட்டைச் சுமக்க முகவரி சொல்லும் ஐபி ஹெடர் 20 பைட், வரிசையைக் கவனிக்கும் டிசிபி ஹெடர் 20 பைட். திரும்பி வரும்போதும் அதே 41. வந்து சேர்ந்தது என்ற ஒப்புகை தனியாகப் போனால் இன்னொரு 40. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுமைகூலி நாற்பது பணம்.

கணக்குப் போட்டால் வேகமாகத் தட்டும் மூன்று பேர் அந்த லைனை நிரப்பிவிடுவார்கள். பெரிய கிளையில் 22 டெர்மினல்கள் இருந்தன. காலை பதினொரு மணிக்கு அங்கே நின்று பார்த்திருக்கிறேன். ஊழியர் ஒரு பெயரை முழுவதும் தட்டிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். திரையில் ஒன்றும் இருக்காது. பிறகு எழுத்துகள் கொத்தாக வந்து விழும். அதில் பிழை இருந்தால் அழிக்கும் விசையை எத்தனை முறை தட்டினோம் என்று அவரே மனத்துக்குள் எண்ணிக்கொள்ள வேண்டும்.

என் மேலதிகாரி ஒரு அச்சுப் பிரதியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆவணத் தொடரில், வான் ஜேக்கப்சன் 1990 பிப்ரவரியில் எழுதிய ஆர்எஃப்சி 1144. அவர் அப்போது லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் இருந்தார். வீடுகளிலிருந்து மெதுவான மோடம் லைனில் இணையத்துக்கு வருபவர்களை மனத்தில் வைத்து அவர் செய்த வேலை அது. (விண்டோஸ் 95-இல் டயல்-அப் வைத்திருந்தவர்களுக்கு ‘யூஸ் ஐபி ஹெடர் கம்ப்ரெஷன்’ என்ற சிறு கட்டம் நினைவிருக்கலாம். அது இதுதான். எல்லோரும் பார்த்தோம், யாரும் தொடவில்லை.)

சுருக்கம் என்ற பெயரே கொஞ்சம் வழி தவற வைக்கிறது. கோப்புகளைச் சுருக்குவதுபோல இதில் எதையும் பிழிந்து அடைப்பதில்லை. சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் இருப்பதுதான் வேலை. ஒரு டெல்நெட் இணைப்பு காலையிலிருந்து மாலை வரை இருந்தாலும் இரு முனைகளின் முகவரியும், எந்த நிரலுக்கு என்று சொல்லும் போர்ட் எண்களும் மாறாது. நாற்பதில் ஏறக்குறையப் பாதி இப்படி மாறாதவை. அவற்றை இரண்டு ரூட்டர்களும் ஒருமுறை குறித்து வைத்துக்கொண்டால் போதும். பாக்கெட்டின் நீளம் லைனில் வரும் ஃபிரேமை (பாக்கெட்டைச் சுற்றிய உறையை) அளந்தாலே தெரிந்துவிடும். மாறுபவை வரிசை எண், ஒப்புகை எண் போன்றவை. அவையும் சிறிதளவே மாறுகின்றன. முழு எண்ணை அனுப்பாமல் வித்தியாசத்தை மட்டும் அனுப்பினால் பெரும்பாலும் ஒரு பைட்டில் முடிந்துவிடும். எது மாறியது என்று சொல்ல முன்னால் ஒரு பைட். ஒருவர் விசை தட்ட, அது எதிரொலித்துத் திரும்புவதற்கென்றே ஒரு தனிக் குறியை ஜேக்கப்சன் ஒதுக்கியிருந்தார். அந்தக் குறி வந்தால் வித்தியாசத்தைக்கூட அனுப்ப வேண்டியதில்லை. அந்த ஒரு பைட்டும், பிழையைக் காட்டிக்கொடுக்கும் டிசிபியின் சரிபார்ப்புத் தொகை இரண்டு பைட்டும் சேர்ந்து மூன்று. நாற்பது மூன்றாகிவிடுகிறது.

ஏட்டில் மூன்று. எங்கள் லைனில், பாக்கெட்டுகளைப் படித்துக் காட்டும் அனலைசரை மாட்டிப் பார்த்தபோது பெரும்பாலும் ஐந்து. காரணம் எளிது. 22 பேர் மாறி மாறித் தட்டுவதால் இது யாருடைய பாக்கெட் என்று சொல்ல ஒவ்வொரு முறையும் இணைப்பு எண் ஒரு பைட். சென்னைச் சர்வர் எல்லாக் கிளைகளுக்கும் போகும் பாக்கெட்டுகளுக்கு ஒரே தொடரில் ஐபி அடையாள எண் கொடுத்துவந்ததால் ஒரு கிளையிலிருந்து பார்த்தால் அந்த எண் தாவித் தாவி வரும். அதைச் சொல்ல இன்னொரு பைட். ஐந்தானாலும் எனக்குக் குறையில்லை. நாற்பது எங்கே, ஐந்து எங்கே!

சரி, அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். எங்கள் லைன்களில் இந்தச் சுருக்கத்துக்குப் பேச்சுவார்த்தை எதுவும் கிடையாது. லைனை இயக்கும் நெறிமுறை பிபிபி என்றால் தொடக்கத்திலேயே இரு முனைகளும் கேட்டுக்கொள்ளும். நாங்கள் வைத்திருந்த எச்டிஎல்சி என்ற நெறிமுறையில் இரு பக்கமும் நாம்தான் எழுத வேண்டும். கிளை ரூட்டர்களில் முதலில் ‘பாசிவ்’ என்று போட்டேன். எதிர்முனை சுருக்கி அனுப்பினால் மட்டும் தானும் சுருக்கும் ஏற்பாடு அது. பிறகு சென்னையில் முழுமையாக இயக்கினேன். வரிசை சரியானது. அந்த ஒரு கிளையில் மட்டும் கட்டளையை முதல் சீரியல் போர்ட்டுக்குப் பதிலாக, கேபிளே மாட்டாத இரண்டாவது போர்ட்டில் எழுதியிருக்கிறேன்.

பிங் ஏன் போயிற்று? அது ஐசிஎம்பி என்ற வேறு வகைப் பாக்கெட். சுருக்கப்படுவது டிசிபி மட்டும். ‘கனெக்டெட்’ ஏன் வந்தது? இணைப்பைத் தொடங்கும் சின் பாக்கெட்டுகளையும் இந்த முறை தொடாது. அவை சாதாரண ஐபியாகவே போகும். கை குலுக்குவது வரை எல்லாம் சரி. அதற்கடுத்துச் சென்னையிலிருந்து வரும் முதல் பாக்கெட் புதுக் குறியோடு வருகிறது. கிளை ரூட்டருக்கு அப்படி ஒரு வகை இருப்பதே தெரியாது. கீழே போட்டுவிடுகிறது. லாகின் என்ற சொல்லும் அதே வகைப் பாக்கெட்டில்தான் வர வேண்டியிருந்தது.

இதைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. அதில் முப்பது நிமிடம் பிங் அடித்தேன். சென்னைப் பக்கம் அந்த லைனுக்கு மட்டும் சுருக்கத்தை நிறுத்தி, கிளை ரூட்டருக்குள் நுழைந்து, சரியான போர்ட்டில் எழுதி, மறுபடி இயக்கினேன். மேலாளர் திட்டவில்லை. அதுதான் அதிகம் உறுத்தியது.

22 டெர்மினல் கிளையில் வேறொரு வேடிக்கை. சுருக்கம் சரியாக இயங்கியும் எதிர்பார்த்த வேகம் வரவில்லை. ரூட்டர் தரும் எண்ணிக்கையைப் பார்த்தால் ‘மிஸ்’ ஏறிக்கொண்டே போகிறது. இயல்பாக அது நினைவில் வைப்பது 16 இணைப்புகளை. பதினேழாவது ஆள் தட்டினால், நெடுநேரம் பேசாமல் இருந்த ஒருவரை மறந்துவிட்டு அந்த இடத்தில் இவரை வைக்கும். மறக்கப்பட்டவர் அடுத்து வாய் திறந்தால் மறுபடி முழு நாற்பது. இரு முனையிலும் 32 என்று மாற்றினேன். அன்று மாலை அந்த ஊழியர் தட்டத் தட்ட எழுத்து விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையை மடியில் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஐப்பசி மழை வந்தபோது இதன் மறுபக்கம் தெரிந்தது. ஒரு கிளைக்குப் போகும் கேபிளில் ஈரம் இறங்கி லைனில் இரைச்சல். வித்தியாசங்களை மட்டும் அனுப்பும் ஏற்பாட்டில் ஒரு பாக்கெட் தொலைந்தால், அந்த இணைப்பில் அதற்குப் பின் வருபவை எல்லாம் தவறான கூட்டலாகிவிடும். அதனால்தான் ஜேக்கப்சன் சரிபார்ப்புத் தொகையை மட்டும் சுருக்காமல் அப்படியே விட்டார். கணக்கு தப்பியது என்பதைப் பெறும் கணினி அதைக் கொண்டே அறிந்து பாக்கெட்டை எறிந்துவிடும். ஒப்புகை வராததால் அனுப்பியவர் மீண்டும் அனுப்புவார். வரிசை எண் பின்னோக்கிப் போவதைக் கண்டதும் ரூட்டர் முழு ஹெடரை அனுப்பும், நினைவு ஒத்துப்போகும். அழகான ஏற்பாடு. ஆனால் மீண்டும் அனுப்பும் வரை திரை உறைந்து நிற்கும். நாளைக்கு ஓரிரு முறை என்றால் பொறுக்கலாம். நிமிடத்துக்கு நாலு முறை என்றால்?

அந்தக் கிளைக்கு மழை முடியும் வரை சுருக்கத்தை நிறுத்தி வைத்தேன். மேலதிகாரிக்கு இதில் உடன்பாடு இல்லை. கேபிளைச் சரிசெய்யச் சொல்லாமல் நல்ல வசதியை ஏன் நிறுத்துகிறாய் என்றார். கிளையில் கேட்டபோது, “மெதுவாக வந்தாலும் வந்துகொண்டே இருக்கிறது தம்பி, இதுவே இருக்கட்டும்” என்றார்கள். இன்றும் நான் செய்தது சரி என்றே நினைக்கிறேன். தை மாதம் கேபிளை மாற்றிய பிறகு மறுபடி இயக்கினேன்.

லைன்கள் வேகமாயின, அந்தக் கட்டளையைத் தட்டச்சு செய்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. குரல் பாக்கெட்டுகளுக்கு 1999-இலும், வயர்லெஸ் லைன்களுக்கு 2001-இலும் இதன் தம்பிகள் வந்தன.

சென்ற ஆண்டு எங்கள் குழுவில் ஓர் இளைஞர், குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் பேசும் லோராவேன் என்ற வயர்லெஸ் முறையில் இயங்கும் சென்சார்கள்மேல், ஐபியின் புதிய பதிப்பான ஐபிவி6 ஓட்டும் வேலையில் இருந்தார். இங்குள்ள அலைவரிசையில் மிக மெதுவான வேகத்துக்கு ஒரு செய்தியில் 51 பைட்தான் இடம். ஐபிவி6 ஹெடர் 40, அதன்மேல் டிசிபிக்குப் பதிலாக வரும் எளிய யுடிபி ஹெடர் 8. மிச்சம் மூன்று பைட். அதனால் 2020-இல் வந்த ஆர்எஃப்சி 8724 முறையில் இரு முனைக்கும் முன்கூட்டியே ஒரே விதிகளைக் கொடுத்துவிட்டு, ஹெடருக்குப் பதிலாக விதி எண்ணையும், விதியில் அடங்காத மிச்சம் இருந்தால் அதையும் மட்டும் அனுப்புகிறார்கள். என் பழைய கதையை அவரிடம் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து இரவு ஒன்பதரை மணிக்கு அவரிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: “சார், பிங் போகிறது. சென்சார் தரவு மட்டும் வரவில்லை.”