மலிவான சிவப்பு வைனை வைத்துத்தான் தேர்வுக்குப் படித்தேன்

வைன் பற்றிப் பாடம் நடத்தித் தேர்வு வைக்கும் டபிள்யூஎஸ்இடி அமைப்பின் மூன்றாம் நிலைத் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கியபோது, போர்தோ, பரோலோ என்று வைன்களின் பெரிய பெயர்களை மனப்பாடம் செய்வதிலேயே முதல் இரண்டு மாதம் போய்விட்டது. அவற்றை வாங்கிச் சுவைக்க வசதி இல்லை. லண்டனில் உணவகத்தில் பரிமாறும் சம்பளத்துக்குச் சூப்பர்மார்க்கெட்டின் கீழ்த்தட்டு பாட்டில்கள்தான் கட்டுப்படியாகும். கடைசியில் அவைதான் எனக்குப் பாடம் நடத்தின.

தேர்வின் அமைப்பு இது: 50 கொள்குறி வினாக்கள், தலா 25 மதிப்பெண்ணுக்கு 4 எழுத்து வினாக்கள், எல்லாவற்றுக்கும் இரண்டு மணி நேரம். அப்புறம், பெயர் தெரியாத இரண்டு வைன்களைச் சுவைத்து 30 நிமிடத்தில் குறிப்பு எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் தேர்ச்சிக்கு 55 சதவீதம். பலர் தடுக்கி விழுவது எழுத்து வினாக்களில்தான்.

எங்கள் மாதிரித் தேர்வில் வந்த கேள்வி: சிலியின் மத்திய பள்ளத்தாக்கில் விளையும் மெர்லோ என்ற திராட்சையின் வைன் ஏன் மலிவு, அதன் சுவை ஏன் அப்படி இருக்கிறது? வெயில், சமநிலம், பாசனம், இயந்திர அறுவடை, எஃகுத் தொட்டி என்று நிறைய எழுதினேன். 25-க்கு 9 கிடைத்தது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் ஒரே சொல்லை எழுதியிருந்தார்: "அதனால்?"

அன்று இரவே அந்தச் சொல்லை வைத்துப் பதிலைத் திருப்பி எழுதினேன். கோடையில் மழை அரிது. அதனால் பூஞ்சை நோய் குறைவு, மருந்துச் செலவும் குறைவு. ஆண்டீஸ் மலையின் பனி உருகிப் பாசனத்துக்கு வருகிறது, மண்ணும் வளமானது. அதனால் கொடி நிறையக் காய்க்கும், பழத்தின் விலை இறங்கும். ஆனால் அத்தனை குலைக்கும் சாரம் பங்கு போவதால் சுவை நீர்த்துப்போகும். நிலம் சமமாக இருப்பதால் இயந்திரம் உள்ளே போகலாம். அது கொடியை உலுக்கிப் பழத்தை உதிர்க்கும். கூலி மிச்சம், ஆனால் பழுத்தது எது, சொத்தை எது என்று அதற்குத் தெரியாது. வெயில் அதிகமானால் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். அதை ஈடுகட்ட டார்டாரிக் அமிலம் சேர்ப்பார்கள். இப்படி எழுதியதும் மனப்பாடம் செய்ய ஒன்றும் மிஞ்சவில்லை. ஒன்றைப் பிடித்தால் அடுத்தது தானே வந்தது.

(சிலியில் மெர்லோ என்று நினைத்து வளர்த்த கொடிகளில் பல உண்மையில் கார்மெனேர் என்ற வேறு திராட்சை என்று 1994-ல் தெரியவந்தது. கார்மெனேர் மெர்லோவைவிடச் சில வாரம் பிந்திப் பழுக்கும். இரண்டையும் ஒரே நாளில் பறித்தால் வைனில் குடைமிளகாய் வாசனை வரும். இதையும் ஒரு "அதனால்" என்றே குறித்துவைத்தேன்.)

சிவப்பு வைன் செய்யும்போது திராட்சைத் தோல் சாற்றில் ஊறும் பாடத்தை டீயை வைத்துப் புரிந்துகொண்டேன். டீத்தூளைப் பால் சேர்க்காமல் ஒரு கோப்பை வெந்நீரில் இரண்டு நிமிடமும் இன்னொன்றில் பத்து நிமிடமும் ஊறவிட்டுக் குடித்துப் பாருங்கள். இரண்டாவது கோப்பை ஈறைப் பிடித்து இழுக்கும். வைனும் அப்படித்தான். நிறம் முதல் சில நாளிலேயே இறங்கிவிடும்; வாயை வறளவைக்கும் டானின் பின்னால் மெதுவாக, ஆல்கஹால் ஏற ஏற வரும். வாங்கிய உடனே குடிப்பதற்கான வைனில் தோலைச் சீக்கிரமே பிரித்துவிடுவார்கள். அதனால் நிறம் இருக்கும், கடுமை இருக்காது.

டானின் விஷயத்தில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. என் வகுப்பில் பலர் டானினையும் கசப்பையும் குழப்பிக்கொண்டார்கள். நமக்குத் துவர்ப்பு என்று தனிச்சொல்லே இருக்கிறது. நாவல்பழம் தின்றவருக்கும் வாழைப்பூவை வாயில் போட்டவருக்கும் அது எங்கே பிடிக்கும் என்று தெரியும். குறிப்பைத் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுங்கள்: புளிப்பு எச்சில் ஊறவைக்கும், துவர்ப்பு வாயை வறளவைக்கும்.

இதைப் பழக பிரான்சின் போஜொலே வைன் வாங்குங்கள். கமே திராட்சையை உடைக்காமல் முழுக் குலையாகத் தொட்டியில் இடுவார்கள். கரியமில வாயு சூழ்ந்த நிலையில் பழத்துக்கு உள்ளேயே நொதித்தல் தொடங்கும். அதனால் துவர்ப்பு குறைவு. வாழைப்பழம், லவங்கப்பட்டை வாசனை. அதில் போஜொலே நூவோ அறுவடை ஆண்டின் நவம்பர் மூன்றாம் வியாழனன்றே விற்பனைக்கு வந்துவிடும். தொட்டியும் கிடங்கும் சீக்கிரம் காலியாகும், பணமும் சீக்கிரம் திரும்பும். அதுவும் விலையில் தெரியும். தெற்குப் பிரான்சின் லாங்டாக்கில் காரின்யான் திராட்சையின் முரட்டுத் துவர்ப்பை அடக்கவும் இதே முழுக்குலை முறை பயன்படுகிறது.

வைனை ஓக் மரப் பீப்பாயில் வைப்பது பற்றி ஒரு கணக்கு போதும். 225 லிட்டர் பீப்பாயில் 300 பாட்டில்தான் வரும். புதுப் பீப்பாய் பல நூறு யூரோ. மலிவு வைனில் வனிலா வாசனை வந்தால் தொட்டியில் ஓக் துண்டுகளைப் போட்டிருக்கலாம் என்று எழுதுங்கள்.

மலிவு என்றாலே சுமார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நான் அதிகம் நேசித்த பாட்டில் ஸ்பெயினின் காலாதாயூத்திலிருந்து வந்த, கார்னாச்சா திராட்சையின் வைன். உயரமான வறண்ட நிலம், புதர் போல் வளரும் பழைய கொடிகள், குறைந்த விளைச்சல், குளிர்ந்த இரவு. அதனால் பழச்சுவை அடர்த்தி, புளிப்பும் தங்கும். ஊருக்குப் பெரிய பெயர் இல்லாததால் விலை ஏறவில்லை. சுவைக் குறிப்பில் தரத்தை எடைபோடும் வரியில் விலையை மறந்துவிட்டு, சமநிலை, செறிவு, சுவை நீடிக்கும் நேரம், பல அடுக்குகள் உண்டா என்பதை மட்டும் பாருங்கள்.

எங்களில் நான்கு பேர் வாரம் ஒரு பாட்டில் பங்கு போட்டோம். ஒரே வைனை நால்வரும் தனித்தனியாகக் குறித்து, பிறகு ஒப்பிட்டோம். விழுங்காமல் துப்பப் பழகுங்கள். விழுங்கினால் மூன்றாவது கோப்பைக்குள் நாக்கு சோர்ந்துவிடும். தேர்வு நாளில் பல் துலக்கி ஒரு மணி நேரமாவது ஆன பிறகு சுவைப்பது நல்லது. பேஸ்டின் சுவை வாயில் இருந்தால் வைனின் சுவை மாறித் தெரியும்.